குளிர்ந்திருந்த சக்கரம்

எங்கள் வேனுக்கு வயதாகிவிட்டது என்று யாராவது சொன்னால் என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். காலையில் காமயகவுண்டன்பட்டியில் பெண்களை ஏற்றி, கம்பம்மெட்டு மலை ஏறி, ஏலத்தோட்டத்தில் விட்டு, சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருவது அவர் வேலை. வீடு வீடாகப் போய் ஆள் சேர்ப்பது என் வேலை. அவர்களோடு நானும் காய் எடுக்கிறேன். "ஒன்ன நம்பித்தான் அனுப்புறோம்" என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சொல்வார்கள். அந்த வார்த்தை என் வயிற்றில் கல்லாகக் கிடக்கும்.

இந்த வருஷம் மழை ஓய்ந்ததும் பின்பக்கம் இடது சக்கரம் கத்தத் தொடங்கியது. ஏறும்போது வாயே திறக்காது. ஆட்களோடு இறங்கும்போது, பிரேக்கை மிதித்தால் போதும், காதில் கம்பியை விட்டுக் குடைந்ததுபோல ஒரு கீச்சல். வீட்டுக்காரர் இரண்டு தடவை அந்தச் சக்கரத்தைக் கழற்றி, தூசியை ஊதி, பிரேக் ஷூவை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி கத்தும்.

"ஒர்க்‌ஷாப்புல காட்டுங்க" என்றேன்.

"குலைக்கிற நாய் கடிக்காதுடி."

"அது நமக்குத் தெரியும். நாய்க்குத் தெரியுமா?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வீரபாண்டி ஆத்தாளுக்கு ஒரு நேர்த்திக்கடன் வைத்தேன். வைத்ததை எல்லாம் செய்வதானால் இந்த ஆயுசு போதாது.

ஒரு நாள் இறங்கும்போது கீச்சலோடு கருகல் நாற்றமும் சேர்ந்து வந்தது. பின்சீட்டுப் பெண்கள் அலறினார்கள். "நிப்பாட்டுங்க" என்று நான் போட்ட சத்தத்தில் மலைச்சுவரை ஒட்டி நிறுத்தினார். சீட்டுக்கு அடியில் எப்போதும் கிடக்கும் கல்லோடு குதித்து, முன்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தேன். பிறகு இடது பின்சக்கரத்தருகே கையைக் கொண்டுபோனேன். தொடுவதற்கு முன்பே அனல் அடித்தது. அந்தப் பக்கம் எப்படி இருக்கிறதோ என்று சுற்றிப்போய் வலது சக்கரத்தைத் தொட்டேன். தண்ணீர்த்தொட்டி மாதிரி குளுகுளுவென்று இருந்தது. எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

"இந்தப் பக்கம் ஒண்ணும் இல்லங்க! சில்லுனு இருக்கு!"

அவர் இறங்கி வந்து தானும் தொட்டுப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"இந்தப் பக்கம் பிரேக் பிடிக்கவே இல்லடி" என்றார் மெதுவாக. "பிரேக் ஆயில் கொறஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஊத்தி ஊத்தி ஓட்டுனேன்."

எல்லோரையும் இறக்கினேன். அவர் "எல்லாரும் பின்னாடி நடந்து வாங்க, முன்னாடி ஒருத்தரும் போகாதீக" என்று சொல்லிவிட்டு, வெறும் வண்டியை முதல் கியரில் போட்டுத் தனியாக இறக்கினார். ஏறப்போன என்னைக் கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

கல்லை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். வண்டி வளைவில் மறைந்தது. கீச்சல் மட்டும் கீழேயிருந்து கேட்டது. அது கேட்கும்வரை அவர் இருக்கிறார். மாதக்கணக்காக நான் சபித்த சத்தம் அது. "கத்து ஆத்தா, கத்து" என்று வாய்விட்டே வேண்டினேன்.

அடுத்த வளைவு திரும்புவதற்குள் சத்தம் நின்றது.

செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. ஓடினேன். சரிவு முடிந்து ரோடு சமமாகும் இடத்தில் வண்டி நின்றிருந்தது. அவர் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடி திரும்பவில்லை. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன்.

மறுநாள் கம்பம் டவுனில் மெக்கானிக் வலது சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து ஷூ முழுக்க எண்ணெயில் ஊறியிருந்தது. "இது வழுக்கிக்கிட்டே சும்மா சுத்தியிருக்கு. ரெண்டு பக்கத்து வேலையையும் இடது ஒண்ணே பாத்திருக்கு, அதான் அந்தக் கத்து" என்றார். சிலிண்டர் புதிது, இரண்டு பக்கமும் ஷூ புதிது. குழாயில் இருந்த காற்றை எடுக்கும்போது பிரேக்கை மிதிக்க ஆள் வேண்டும் என்றார். நானே ஏறி உட்கார்ந்தேன். "மிதிங்க... பிடிங்க... விடுங்க." கடைசியில் பிரேக் காலுக்குக் கெட்டியாக நின்றது.

மறுபடி மலையிலிருந்து இறங்கிய முதல் நாள் வண்டியில் சத்தமே இல்லை. பெண்கள் தூங்கி வழிந்தார்கள். எனக்கு அந்த அமைதிதான் ஆகவில்லை. ஒவ்வொரு வளைவிலும் கையில் கல்லைப் பிடித்தபடி இருந்தேன். அதே இடம் வந்தது. அவராகவே நிறுத்தினார்.

"போய்த் தொட்டுப் பாத்துட்டு வா."

இடது சக்கரம் சுட்டது. வலது பக்கம் போய், பயத்தில் அழுத்தியே தொட்டுவிட்டேன். சுரீர் என்றது.

"ரெண்டும் சுடுதுங்க!" என்று கத்தினேன். கண்ணீர் வந்துவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டே ஏறினேன்.

இன்றுவரை இறங்கும்போதெல்லாம் அந்த வளைவில் வண்டி நிற்கிறது. நான் இடது சக்கரத்தைத் தொட்டுப் பார்க்க இறங்குகிறேன். வலது பக்கம் அவர் இறங்குகிறார்.