பட்டியலில் இல்லாத கம்ப்யூட்டர்

குளச்சல் ஐஸ் பிளாண்டில் மீன் வைக்கும் குளிர் அறையைக் கண்காணிப்பது உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்றுதான். கம்பெனியின் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் பட்டியலிடும் மென்பொருளை ஏற்றுவதற்காக நான் அங்கே போயிருந்தேன். இதில் மட்டும் அது ஏறவில்லை. பிராசசர் வேறு வகை. தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"அதுக்கு சப்போர்ட் கிடையாது. பயன்பாட்டில் இல்லைன்னு எழுதிடுங்க."

எழுதினேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஆபரேட்டர் ஸ்டெல்லா அதைப் பார்த்துவிட்டார். "ஓடிட்டு கெடக்கத இல்லன்னு எழுதுகியளே. நாளைக்கு வந்து கழட்டிட்டுப் போவாவ. பெறவு குளிரு கூடுதா கொறையுதான்னு நான் கைய வச்சா பாக்கணும்?"

எனக்குச் சுருக்கென்றது. எழுதியதை அழித்தேன். மென்பொருளின் மூல நிரலான சோர்ஸ் கோடை இணையத்தில் எடுத்து, அந்தப் பிராசசருக்கு ஏற்றபடி அந்தக் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்தேன். மூன்று முறை பாதியில் நின்றது. ஸ்டெல்லா தந்த கட்டன்சாயா ஆறிப்போனது. நான்காம் முறை ஏறியது.

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து போன். "சப்போர்ட் இல்லாதது எப்படி லிஸ்ட்ல வந்துச்சு? எடுத்துடுங்க."

"எடுக்க மாட்டேன், கேட்டியளா. வேணும்னா நீங்களே இங்க வந்து, ஸ்டெல்லாகிட்ட சொல்லிட்டு எடுங்க."

யாரும் வரவில்லை. ஓடுகிறதை இல்லை என்று எழுதச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என்னிடம் அது நடக்காது.