தறி மிதித்தால் நடந்த கணக்கா?

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி போட்ட வீடு எங்களுடையது. என் கணவருக்கு நாற்பது வயது முடியும்போது உடம்பு பருத்துவிட்டது. தீராத தாகம், ஓயாத அசதி. ஆஸ்பத்திரியில் சிறுநீரை நீல மருந்தோடு காய்ச்சினார்கள். செங்கல் நிறமாக மாறியது. சர்க்கரை வியாதி என்றார்கள்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார். சும்மா உலாத்தினால் போதாது, மூச்சு வாங்க வேண்டும், சட்டை நனைய வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். இவரும் விடிந்ததும் கிளம்பி, திருப்பருத்திக்குன்றம் வரை விறுவிறுவென்று போய்த் திரும்புவார். தெருவே சிரித்தது. கோடி வீட்டு நாய், ஏதோ திருடன் என்று நினைத்துத் தினமும் பின்னாலேயே ஓடும். ஆனால் இரண்டே மாதத்தில் தொப்பை கரைந்தது. மறுபடி காய்ச்சிப் பார்த்தபோது பச்சை நிறம்தான் வந்தது, சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது.

அதற்குள் ஆவணி முகூர்த்தம் நெருங்கிவிட்டது. ஒரு கல்யாணப் புடவை தறியில் பாதியில் நின்றது. கரையை உடலோடு கோக்கும் கோர்வை வேலைக்கு நான்தான் பக்கத்தில் உட்காருவேன். அவர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். ஒரு நாள் வேர்க்க விறுவிறுக்க வந்தவரை வாசலிலேயே மடக்கினேன்.

"பொழுதுக்கும் தறிக் குழியில கால் பலகைய மிதிச்சிக்கினுதானே இருக்குது? அதெல்லாம் கூட்டினா தாமல் ஏரிக்கே போய்ட்டு வந்துடலாம். அப்புறம் இன்னாத்துக்குங்க இந்த ஓட்டம்?"

அவர் யோசித்தார். நாளெல்லாம் மிதிக்கிற காலுக்கு ஒரு மணி நேர நடை எந்த மூலைக்கு என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். மறுநாள் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம் வேறு. வெட்கங்கெட்ட சந்தோஷம்.

மார்கழியில் கால் கட்டைவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. மிதிப்பலகை உரசியிருக்கும் என்று மஞ்சள் அரைத்துப் போட்டேன். தை பிறப்பதற்குள் பாதம் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் காய்ச்சியபோது மறுபடி செங்கல் நிறம். காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

டாக்டரிடம் என் கணக்கைச் சொல்லி அழுதேன். நாள் முழுக்க மிதித்தாரே என்றேன். அவர் கோபிக்கவில்லை.

"மிதிக்கும்போது அவருக்கு மூச்சு வாங்குச்சாம்மா? வேர்த்துச்சா?"

தறியில் அவர் மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை. உட்கார்ந்தபடி மெல்ல அசைகிற கால், உடம்பு முழுக்க உழைக்கிற வேக நடைக்கு ஈடாகாது என்று பொறுமையாக விளக்கினார். முதலிலேயே அவர் சொன்னதுதான். எனக்குத்தான் காதில் ஏறவில்லை.

ஒற்றைக் காலோடு தறிக் குழியில் இறங்க முடியாது. பாயில் கிடந்தவரிடம், என்னால்தானே இந்தக் கதி என்று ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ சொல்லி நான் நடைய நிறுத்தலம்மா. எனக்கே சோம்பலா இருந்துச்சு. அழாத."

சோம்பலாம். கோழி கூவும் முன்பே எழுந்து செருப்பைத் தேடிய மனுஷர். அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தார். ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எனக்காக அவர் சொன்ன அந்தப் பொய்யை ஒரு நாளாவது நம்பிவிட வேண்டும் என்று இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், முடியவில்லை.