கீழ்த் தாடைக்கு இரண்டு திருகாணி

எனக்கு ஊசி என்றால் பயம். ரத்தம் என்றால் அதைவிடப் பயம். இப்படிப்பட்ட ஆள் ராஜபாளையத்தில் முப்பது வருஷமாக என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிற ஆலையில் தரம் பார்க்கிற சூப்பர்வைசர். காயத்தின் மேல் போடும் துணியை வெள்ளையாக இருக்கும்போது மட்டுமே பார்த்துப் பழகியவன்.

வலது கீழ்த் தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் இதெல்லாம் பெரிய விஷயமா என்று இடது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தேன். ஆனால் இடது பக்கமும் ஆடத் தொடங்கியது. கறி போய் மீன் வந்தது, மீன் போய் ரசம் சாதம் வந்தது. அடுத்தது கஞ்சிதான் என்று தெரிந்த பிறகே டாக்டரிடம் போனேன்.

ராஜபாளையத்தில் பல் டாக்டருக்கா பஞ்சம்? இருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். இங்கே நான் நாற்காலியில் கத்தினால், நான் வந்து சேருமுன் சத்தம் ஆலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த டாக்டர் என் மகள் வயதுப் பெண். படத்தைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். தாடை எலும்பில் துளை போட்டுத் திருகாணி மாதிரி ஒன்றை இறக்க வேண்டும். எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள மூன்று மாதம் போல ஆகும். பிறகு மேலே பல் கட்டலாம். பல் இல்லாத இடத்தில் எலும்பு கரைந்துகொண்டே போகும், இன்னும் தள்ளிப்போட்டால் திருகாணி நிற்க இடம் இருக்காது என்றும் சொன்னார். நான் 'துளை' என்ற சொல்லோடு நின்றுவிட்டேன்.

டாக்டர் குறித்துக் கொடுத்த முதல் தேதிக்குக் காய்ச்சல் என்று போன் பண்ணினேன். இரண்டாவது தேதிக்கு மம்சாபுரத்துப் பெரியப்பா காலமாகிவிட்டார் என்றேன். பெரியப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. அவரை இரண்டாம் தடவை சாகடித்த பெருமை எனக்கு மட்டுமே உண்டு.

மூன்றாவது தேதிக்கு என் மனைவி கூடவே வந்தாள். காவலுக்கு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் பால்கோவாக் கடைப் பக்கம் ஒதுங்கினேன். சர்க்கரை ஏறியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் அல்லவா. முதல் வாய் வைக்குமுன் அவள் பொட்டலத்தைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"பல்லு கட்டுன பொறவு திங்கலாம், வாங்க."

டாக்டர் என்னைப் பார்த்ததும் கேட்டார்: "இந்த வாட்டி வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கள்ல சார்?"

அத்தனை பேரும் நலம் என்று மனைவி பதில் சொன்னாள்.

நாற்காலியில் சாய்ந்தேன். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சரியாக இருந்து என்னைக் காட்டிக்கொடுத்தன. டாக்டர் கை கழுவப் போனார். நர்ஸ் ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பக்கத்துத் தட்டில் கருவிகளைப் பரப்பிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினாள். ஓடுவதற்கு அதுதான் நேரம். வாசல் ஆறடி தூரம். ஒரு காலைக் கீழே வைத்தும்விட்டேன்.

அப்போதுதான் தட்டு ஓரத்தில் மடித்து வைத்திருந்த துணியைப் பார்த்தேன். நம்ம சரக்கு மாதிரி இருந்தது. ஆனால் ஓரத்தில் இழை கொஞ்சம் நெருக்கம். முப்பது வருஷப் பழக்கம் மூளையைக் கேட்பதில்லை. கை தானாகப் போய் எடுத்தது. விளக்குக்கு நேரே பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து, நீளவாக்கில் பாவு நூல் எத்தனை, குறுக்கே ஊடை நூல் எத்தனை என்று எண்ணத் தொடங்கினேன்.

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"தொட்டுட்டீகளே அண்ணாச்சி."

தட்டு முழுவதையும் அப்படியே எடுத்துப்போய், புதிதாக வேறொரு பொட்டலம் பிரித்தாள். கொதிநீராவியில் வைத்துச் சுத்தம் செய்த அத்தனையும் என் இரண்டு விரலால் வீண்.

ஆலையின் பேக்கிங் ரூமில் கையுறை போடாமல் துணியைத் தொட்டவர்களை நான் பேசிய பேச்செல்லாம் காதில் கேட்டது. ஒருத்தியை அழவே வைத்திருக்கிறேன். அவள் இப்போது இந்த அறையில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? கூச்சத்தில் முகம் எரிந்தது. இவ்வளவுக்குப் பிறகு எழுந்து ஓடினால், அந்த இரண்டாவது பொட்டலமும் வீண். பயந்தவன் என்று பெயர் வரட்டும், பரவாயில்லை. சுத்தம் தெரியாதவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு எந்த முகத்தோடு ஆலைக்குள் நுழைவது? கீழே வைத்த காலை மேலே எடுத்தேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

மரத்துப்போகும் ஊசி ஒரு எறும்புக்கடி. துளை போட்டபோது வலி இல்லை. தலைக்குள் யாரோ மேசையை இழுத்து நகர்த்துகிற மாதிரி ஒரு அதிர்வு மட்டும். நான் வீட்டில் இரண்டு வருஷமாகப் பட்ட பாட்டில் கால்வாசிகூட நாற்காலியில் படவில்லை.

தையல் போட்டு, துணி வைத்துக் கடிக்கச் சொன்னார்கள். அரைமணி நேரம் பேசக்கூடாது. என் மனைவி அந்த அரைமணியை வீணாக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

எலும்பு நன்றாகப் பிடித்துக்கொண்டது. மூன்று மாதம் கழித்துப் பல் கட்டினார்கள். அன்றைக்கே டாக்டர் இடது பக்கத்தைத் தட்டிப் பார்த்து, அங்கே ஒன்றைக் காப்பாற்ற முடியாது, எடுத்துவிட்டு அதற்கும் இதே மாதிரி வைக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

"யோசிக்க என்னம்மா இருக்கு? வியாழக்கிழமை வாரேன்" என்றேன்.

மனைவி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.