அழாத குழந்தையும் என் குறிப்பேடும்

கேமரூன் தலைநகர் யாவுண்டேயில் குழந்தை உளவியல் படித்துவிட்டுச் சொந்த ஊரான கும்போவுக்குத் திரும்பியபோது எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம்தான். தாய் அறையை விட்டுப் போனால் ஒரு வயதுக் குழந்தை அழ வேண்டும், அதுவே பாசத்துக்கு அடையாளம் என்று படித்திருந்தேன். பக்கத்து வீட்டுக் கிலாவை வெளியே அனுப்பிப் பார்த்தேன். அவளுடைய ஒரு வயது மகள் பெரின்யுய் அழவில்லை. முன்பின் பார்த்திராத என் மடியில் ஏறித் தூங்கிவிட்டாள். ‘தாய்ப்பாசத்தில் குறை’ என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

திரும்பி வந்த கிலா அதைப் படித்துச் சிரித்தாள். “ஏன்டி லெய்ன்யுய், எட்டுப் பொம்பளைங்க இடுப்புல வளர்றவ எதுக்குடி அழணும்? நீயும் அப்படி வளர்ந்தவதானே? உங்கம்மா சந்தைக்குப் போனா என்னைக்காவது அழுதிருக்கியா?”

அழுததே இல்லை. ஆனால் என் பாசத்திலும் குறை என்று எழுத மனம் வரவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, ‘குழந்தையைத் தூக்கி வளர்ப்பவர்கள் எத்தனை பேர்?’ என்று புதிதாகக் கேள்வி எழுதினேன். உடனே எழுந்து போய்விடத்தான் நினைத்தேன், ஆனால் பெரின்யுய் இன்னும் மடியில் தூங்கிக்கொண்டிருந்ததில் கால் மரத்துப்போயிருந்தது.