எழுதாமல் தூக்கிவிட்ட கொடி

என் கையெழுத்தைப் படிக்கச் சிரமப்படுவீர்கள், மன்னிக்கவும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றும் எனக்குத் தகராறு. சுவிட்ச் ரூமுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் கேட்டதால் எழுதுகிறேன். பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது.

1. மூன்று கண்ணாடி

காஜா பெராங் சுவிட்ச் ரூமில் நான் அட்டெண்டென்ட்டாகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

லைனில் கரண்டை வெட்டிவிடும் பிரேக்கருக்குத் தானாக எதுவும் தெரியாது. லைனில் கோளாறு என்று கண்டுபிடித்து அதை விழ வைப்பது ரிலேதான். ஒவ்வொரு பிரேக்கருக்கும் மேலும் கீழுமாக மூன்று ரிலே. மேல் இரண்டும் ஓவர்லோடுக்கு, அதாவது லைனில் கரண்டு அளவுக்கு மிஞ்சினால். அடியில் இருப்பது ஏர்த்துக்கு, அதாவது கரண்டு லைனை விட்டு மண்ணுக்கு ஓடினால். எந்த ரிலே வேலை செய்ததோ அதன் கண்ணாடிக்குள் ஒரு சிவப்புத் தகடு விழுந்து நிற்கும். அதைக் கொடி என்போம். பித்தளைக் குமிழை மேலே தள்ளினால் கொடி ஏறி மறைந்துவிடும்.

முதலில் லாக் புத்தகத்தில் எழுது, பிறகு தள்ளு. எங்கள் மேலாளான சார்ஜ்மேன் சவரிமுத்து அண்ணன் முதல் நாளே சொன்னது.

2. பிள்ளை வந்தார்

1957-இல் மெர்டேக்காவுக்கு, அதாவது இந்த நாட்டுச் சுதந்திரத்துக்கு, முதல் நாள், பகல் மூன்று மணி இருக்கும். தெங்கேரா லைன் பிரேக்கர் தடாலென்று விழுந்தது. சார்ஜ்மேனுக்கு டெலிபோன் செய்துவிட்டுத் திரும்பினால், வாசலில் சைக்கிளோடு பிள்ளை நிற்கிறார். பக்கத்துச் சிட்டி கம்பத்துக்காரர், அதாவது பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிவிட்ட தமிழர் வழி வந்தவர். அந்த லைன் போகும் ரோட்டில் அலங்கார வளைவு கட்டும் குழுவுக்குத் தலைவர். பெயர் பிள்ளை என்றாலும் பேசுவது மலாய்தான்.

“லம்பு மாத்தி லா!” விளக்கெல்லாம் போய்விட்டது, ஏன் என்றார்.

நான் கண்ணாடியைக் காட்டி, “பெண்டேரா ஜாத்தோ” என்றேன். கொடி விழுந்துவிட்டது என்று அர்த்தம். எங்களுக்கு அது தொழில் பேச்சு. அவருக்கு முகம் மாறிவிட்டது.

“நாளைக்கு மெர்டேக்கா! இன்னைக்குப் போயி கொடி விழுந்துச்சுன்னு சொல்றியா?” என்று மலாயில் அதட்டினார். “அங்காட் லா, அங்காட்! தூக்கு!”

யாராவது சத்தமாகச் சொன்னால் மறுத்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. குமிழைத் தள்ளிவிட்டேன். கொடி ஏறியது. கட்டினது எல்லாம் சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று பிள்ளை வளைவுக்குத் திரும்பிப் போனார்.

3. பென்சில்

சவரிமுத்து அண்ணன் வேனில் வந்து இறங்கினார். கண்ணாடிகளைப் பார்த்தார். மூன்றும் சுத்தம். லாக் புத்தகமும் சுத்தம்.

“எந்தக் கொடிப்பா விழுந்துச்சு?”

நான் லாக் புத்தகத்தை நேராக எடுத்து வைத்தேன்.

“விழவே இல்லியா? ஊரே விளக்கு மாட்டுது, ஓவர்லோடாத்தான் இருக்கும். ஒருவாட்டி போட்டுப் பாப்போம்.” பிரேக்கர் கைப்பிடியில் கை வைத்தார்.

சொன்னால் வேலை போகும். ஆனால் அது ஏர்த்தாக இருந்தால், லைனில் எதுவோ பட்டுக்கொண்டிருக்கிறது. பிள்ளை அங்கேதான் போயிருக்கிறார்.

“அண்ணே, நில்லுங்க! விழுந்துச்சு. எழுதாம தூக்கிட்டேன்.”

“அடப்பாவி! எதைடா தூக்குன?”

நினைவுக்கு வரவில்லை. பிள்ளையின் அதட்டல்தான் காதில் இருந்தது. தலையைக் குனிந்தேன். ரிலே பலகைக்கு அடியில் என் பென்சில் கிடந்தது. சட்டைப் பையிலிருந்து விழுந்திருக்கிறது. குனிந்தால்தான் அது விழும். மேல் இரண்டுக்கும் நான் குனிய வேண்டியதே இல்லை.

“அடியில உள்ளது அண்ணே. ஏர்த்து.”

அண்ணன் கையை எடுத்தார். பிரேக்கரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். “வா, லைன் ஓரமா நடப்போம்.”

வளைவில் பிள்ளை ஏணிமேல் நின்றார். கயிறு தீர்ந்துபோனதால் காகிதக் கொடித் தோரணத்தை வெறும் கம்பியில் கோத்திருக்கிறார்கள். ஒரு முனை இரும்புத் தூணில். மறுமுனையைக் காற்று தூக்கி எங்கள் லைன்மேல் போட்டிருந்தது. பிள்ளை அதைக் கையால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

“இனி ஜுகா ஜாத்தோ!” இதுவும் விழுந்துவிட்டது என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அண்ணன் சிரிக்கவில்லை. அவரை இறக்கிவிட்டு, “இவன் வாயத் தொறக்கலன்னா நீ இந்நேரம் கருகியிருப்ப” என்று மலாயில் சொன்னார். பிள்ளை ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

கம்பியை அகற்றி லைனைப் போட்டதும், ஏழு மணிக்கு வளைவில் விளக்கெல்லாம் எரிந்தது. அதே பென்சிலால் அண்ணன் என்னை எழுத வைத்தார்: கொடி, ஏர்த்து. எழுதுமுன் தூக்கியது நான். ஆறாவது மாதம் வேலை நிரந்தரமானது. பிள்ளை இன்றும் என்னைப் பெண்டேரா என்றுதான் கூப்பிடுகிறார். தீபாவளிக்கு அவர் வீட்டுப் பலகாரம் தவறாமல் வருகிறது.

கொடி விழுந்தால் உடனே எழுதுங்கள், பிறகு தூக்குங்கள். இதைச் சொல்கிற நான், நடந்ததை எழுத இத்தனை வருடம் எடுத்துக்கொண்டேன்.

எழுதிய தேதி: 12-3-1966.