துளிர்த்த பந்தக்கால்

இலைக்காம்பை நகத்தால் அழுத்தினால் 'நறுக்'கென்று ஒரு சத்தம் வரும். கீரைத்தண்டை ஒடிக்கிற சத்தம்தான், ஆனால் கொஞ்சம் தடித்த, ஈரமான சத்தம். உள்ளே அறை அறையாக இருக்கும். ஒவ்வோர் அறையிலும் ரவையைவிடப் பொடியாக, வெள்ளையாய் ஒன்று நெளியும். ஒன்பது வயதில், தினமும் பள்ளிக்கூடம் போவதற்கு முன் நான் செய்த வேலை இதுதான். இன்றைக்கும் கீரை ஆயும்போது அந்தச் சத்தம் கேட்டால் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.

கல்யாண முருங்கை மரத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். உடம்பெல்லாம் முள். மாசி, பங்குனியில் இலையை உதிர்த்துவிட்டு ரத்தச் சிவப்பாகப் பூத்து நிற்கும். சளி பிடித்தால் எங்கள் வீட்டில் அதன் இலையை அரைத்து அடை தட்டுவார்கள். அதைவிட முக்கியம், எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் 'பந்தக்கால்' அந்த மரத்துக் கொம்புதான். நுனியில் ஒரு கொத்து இலையோடு வெட்டி வந்து, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து கட்டி, பந்தலில் நடுவார்கள். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுக் கொல்லையில் ஊன்றிவிடுவார்கள். வெட்டிப் போட்டாலும் வேர்விடுகிற மரம் அது. கம்பு நன்றாகத் துளிர்த்தால் பெண்ணின் வயிற்றில் பிள்ளை தங்கும் என்று நம்பிக்கை. துளிர்க்காவிட்டால் என்ன என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள்.

அப்பாவின் தங்கை செல்வி அத்தைக்கு ஆவணியில் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீடு மைசூர் அக்ரஹாரத்தில், எங்கள் வீட்டிலிருந்து மூன்றே தெரு. ஆனால் கொம்பு மட்டும் ஹனூர்ப் பக்கம் சொந்த ஊர்க் காட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று அப்பாவுக்குப் பிடிவாதம். கவர்ன்மென்ட் வேலைக்காக மைசூர் வந்து உட்கார்ந்துவிட்டவர்களுக்கு இந்த மாதிரி விஷயங்களில்தான் ஊர்ப்பாசம் பொங்கும். என்னையும் இழுத்துக்கொண்டு கொள்ளேகால் வழியாகப் போனார். அங்கே எங்களுக்கு வழக்கமாகக் கொம்பு வெட்டித் தருகிறவர் மாதய்யா. சோலிகர், தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டிலேயே வாழ்கிற ஜனம். மரத்தடியில் ஊதுபத்தி கொளுத்தி வைத்து, கைகட்டி நின்று, மரத்திடம் மெல்லிய குரலில் கேட்டுவிட்டுத்தான் அவர் கத்தியை எடுப்பார். அன்றைக்கு ஊதுபத்தியை வெளியே எடுக்கவே இல்லை.

"பேடா சாமி, இந்த மரம் வேண்டாம். நோவு புடிச்சிருக்குது. மேல காட்டுல நாலு மரம் பாத்தேன், எல்லாம் இப்படியே வீங்கிப் போய் நிக்குது. எங்கப்பன் காலத்துலகூட இப்படிப் பாத்ததில்ல. நோவுல கெடக்கிற மரத்துக்கிட்டப் போய் எப்படிக் கேக்கறது?"

அப்பா ஒரு கிளையை வளைத்துப் பார்த்தார். இலைக்காம்புகளும் குருத்துகளும் புடைத்திருந்தன. "அட, கொம்பே முழுகாம இருக்குதாட்டத் தெரியுது! கல்யாணத்துக்கு இதைவிட நல்ல சகுனம் என்னய்யா வேணும்?" என்று சிரித்தபடி கத்தியை வாங்கித் தாமே வெட்டினார். மாதய்யா பக்கத்தில் நிற்காமல் நடந்துவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் அடிக்கம்பு ஈரச் சாக்கில், இலைக்கொத்து என் மடியில். கொசுவைவிடச் சிறிய கறுப்புப் பூச்சிகள் என் பாவாடையெல்லாம் ஊர்ந்தன. வழிநெடுக, ஊர் ஊராக, அவற்றை ஜன்னலுக்கு வெளியே தட்டிவிட்டுக்கொண்டே வந்தேன்.

ஐப்பசியில் கம்பு துளிர்த்தது. அத்தையின் மாமியார் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துத் தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். பத்து நாளில் துளிரெல்லாம் வீங்கி, சுருண்டு, மூடிய கைவிரல்களாகிவிட்டது.

"துளிருகூடக் கோணிக்கிட்டு வருது பாரு. எல்லாம் வந்தவ ராசி" என்றார் அந்தம்மா. அத்தை குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை. அம்மா வேலைக்குப் போகிறவள். காலையில் எனக்குத் தலை பின்னிவிடுவதற்கு அத்தையைவிட்டால் ஆளில்லை. அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் தினமும் அங்கே ஓடுவேன். மறுநாளிலிருந்து, அந்தம்மா பூஜையறையில் இருக்கும் நேரம் பார்த்து, கெட்ட இலைகளைக் கிள்ளிப் புத்தகப் பையில் திணித்துக்கொண்டேன். பள்ளிக்கூட மதிலோரம் வரிசையாகக் கல்யாண முருங்கை மரங்கள் நின்றன. அவற்றின் அடியில் கொட்டினேன். மரத்து இலை மரத்துக்கே போகட்டும் என்று எனக்குள் ஒரு நியாயம் வேறு!

பஸ்ஸில் என் பாவாடையில் ஊர்ந்த பூச்சி கடல் கடந்து வந்த ஒரு குளவி என்பதும், இந்த இனத்து மரத்தின் இளந்துளிருக்குள்தான் முட்டையிடும் என்பதும், இலையைக் கிள்ளிப் போட்டாலும் உள்ளே வளர்ந்துவிட்டது துளைபோட்டுக்கொண்டு வெளியே வந்து பக்கத்து மரத்தைத் தேடும் என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த மழைக்கு மதிலோர மரங்கள் வீங்கின. அந்த மாசியில் ஒன்றும் பூக்கவில்லை. மைனாக்கள் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போயின. அப்புறம் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. நஞ்சன்கூடு போகிற ரயில் பாதையோரத்து மரங்களும் அதே சமயத்தில் பட்டதுதான் எனக்குப் புரியவில்லை. அந்தப் பக்கம் நான் போனதே இல்லை.

மூன்றாம் வருஷம் கொல்லைக் கம்பும் காய்ந்தது. அத்தைக்குக் குழந்தை இல்லை. ஒருநாள் பெட்டியோடு அவளைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு கம்பு பட்டதற்காகவா என்று அப்பா கத்தினார், அழுதார். அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா, பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். பிறகு அவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். அதற்குக் கொம்பு தேடியும் கிடைக்காமல் இரும்புக் குழாயை நட்டார்கள். அடுத்த வருஷமே பிள்ளை பிறந்தது.

போன தை மாதம் எனக்குக் கல்யாணம். யார் சொல்லியும் கேட்காமல் அப்பா மறுபடி ஹனூருக்குப் போனார். மாதய்யா இப்போது இல்லை. தெரிந்த மரம் ஒன்றுகூட இல்லை என்றாராம் அவர் மகன். அடிக்கட்டை இருக்கிற இடத்தில் வருஷத்துக்கு ஒருமுறை ஊதுபத்தி மட்டும் கொளுத்துகிறார்களாம், கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல். பந்தல்காரர் பச்சை பெயின்ட் அடித்த குழாயைக் கொண்டுவந்து, நுனியில் பிளாஸ்டிக் இலைக்கொத்தைச் சொருகினார்.

நஞ்சன்கூட்டுத் தையல் பாக்டரி வேலையிலிருந்து லீவு போட்டு வந்திருந்த அத்தை, பந்தலுக்கு வெளியே ஒதுங்கி நின்றாள். பக்கத்தில் போய், இத்தனை வருஷமாக மறைத்து வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்: நான்தான் கிள்ளினேன், பள்ளிக்கூடத்து மரங்களைக் கொன்றவள் நான்தான்.

"தெரியும் கண்ணு. காலைல நீ கிள்ளுவே. நீ வுட்டதை நான் சாயந்திரம் கிள்ளிக்குவேன்."

"எங்கே போட்டீங்க?"

"ரயில் ரோட்டோரம்" என்றாள்.

நான் பந்தல் பக்கம் திரும்பினேன். பந்தலில் என் மாமியார் அந்தக் குழாய்க்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"பயப்படாதே கண்ணு. அது இரும்பு. துளிர்க்காது."