காற்றோடு கதைத்தவர்

செலீன் அக்கா கவிஞர், நாவலாசிரியரும்கூட. மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் அவரோடு வேலை செய்பவர்களுக்கு இது தெரியாது. அவர் குடியிருக்கும் அஜின்கோர்ட்டில் எங்களுக்குத் தெரியும். தெரிந்து என்ன, "எங்கை அக்கா நாவல்?" என்று பகிடி பண்ணத்தான் நாங்கள் லாயக்கு.

மன்னாரின் தெற்குக் கரையில் அரிப்பு அவருடைய ஊர். நாவலும் அங்கேதான் நடக்கிறது. கதாநாயகன் மனுவேல் தோணியைத் தள்ளுமுன் காற்றைப் பார்த்து, "இண்டைக்கு எங்கை போறாய்?" என்று கேட்பான். பதில் வரும்வரை கரையில் நிற்பான். பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் வரும்போது கண்ணாடிக்கு வெளியே பனிக்குள் அவன் நடந்து வருவான் என்பார் அக்கா. நான் சிரிப்பதில்லை. எனக்கும் ஓரிரு முறை தெரிந்த மாதிரி இருந்தது.

அவரை எழுதவிடாதவர்கள் இறந்துபோனவர்கள்தான். எங்கள் ஆட்களில் ஒருவர் மோசம்போனால் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்று ஒரு நினைவுப் புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல் என்று அதில் பாட்டு வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத வராது. ஆகவே அவர்களுக்காகச் செலீன் அக்கா அழவேண்டும். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி சைவக்காரருக்குப் புலம்பலாமா என்று ஒருவரும் கேட்டதில்லை, அவசரம் அப்படி.

"அப்பா எப்பிடிப்பட்டவர்?" என்று விசாரிப்பார். "நல்லவர். வேலைக்குப் போவார், வருவார்" என்பார்கள். இரண்டு வேலை செய்த மனிதரைப் பிள்ளைகள் எப்போது கண்டார்கள்? இராஜரட்ணம் அண்ணை செத்தபோதும் அதே பதில்தான். அக்காவுக்கு மனம் கேட்கவில்லை. மனுவேலின் காற்றை எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டார். விடியற்காலையில் பஸ் தரிப்பில் நின்று அண்ணை காற்றோடு கதைப்பார் என்று பாட்டில் வந்தது. வாசிக்கக் கேட்ட சனம் தேம்பித் தேம்பி அழுதது.

சில வருடங்கள் கழித்து நாவல் ஒருவழியாக முடிந்தது. வெளியீட்டுக்கு மண்டபமும் எடுத்தாயிற்று. அச்சுக்குக் கொடுத்த கிழமை, இராஜரட்ணம் அண்ணையின் மகள் நிரோஷினியைக் கடையில் கண்டோம். இடுப்பில் குழந்தை.

"உங்கடை புக் லோஞ்சுக்கு வாறன் அன்ரி," என்றாள். "இவனுக்குத் தாத்தாவைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒண்டே ஒண்டுதான் இருக்கு. அப்பா காத்தோடை கதைக்கிறவர். ஐ ரிமெம்பர் இற். நான் ஜன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான். ஹீ வோஸ் ஸ்மைலிங்."

அவள் அப்படி ஒன்றையும் கண்டதில்லை, கல்வெட்டில் அக்கா எழுதிய பாட்டைக் கேட்டதுதான். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராதுதான். ஆனால் எங்கள் வெளியீடுகளில் பேச வருகிறவர்கள் கதை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவார்கள். மனுவேல் காற்றோடு கதைப்பதை அவள் முன்வரிசையில் இருந்து கேட்பாள்.

அக்கா குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். "ஓம் பிள்ளை. கொப்பர் நல்லாக் கதைப்பார்."

காரில் ஏறியதும் அச்சகத்துக்குப் போன் எடுத்து அச்சடிப்பதை நிறுத்தச் சொன்னார், காற்று வருகிற இடங்களை எல்லாம் வெட்டவேண்டுமாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்ன விசரா? அந்தக் காத்து இல்லாட்டி மனுவேலிட்டை என்ன மிஞ்சும்? அவன்ரை உயிரே உதுதானே!"

அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"மனுவேலுக்குப் பிள்ளையள் இல்லையடி," என்றார்.